மத சுதந்திரத்துக்காக இன்னொரு நாடு குரல் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் நம்பிக்கைக்காக ஒருவர் எங்கோ சிறையில் தள்ளப்பட்டார் என்று செய்தி வரும். உடனே சில கேள்விகளும் கிளம்பும். அது அந்த நாட்டு விஷயமாயிற்றே, வெளியார் தலையிடலாமா? தலையிட்டால் அவருக்கே வினையாகாதா? ஊருக்கெல்லாம் பேசுகிற அரசுகள், நட்பு நாடு என்றால் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கின்றன? இவற்றை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது.

மத சுதந்திரம் என்று எதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவுதான் அடிப்படை. சிந்தனை, மனசாட்சி, மதம் மூன்றிலும் எவருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது அது. மதத்தை மாற்றிக்கொள்ளலாம். தனியாகவோ பலரோடு சேர்ந்தோ, வீட்டிலோ வெளியிலோ வழிபடலாம், கற்பிக்கலாம், கடைப்பிடிக்கலாம்.

48 நாடுகள் பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்தன. எதிர்த்து ஒன்றும் இல்லை. 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அவற்றில் சவூதி அரேபியாவும் ஒன்று; ‘மாற்றிக்கொள்ளும்’ உரிமை அதற்கு உறுத்தியது. அந்தச் சொல் இருந்தே ஆக வேண்டும் என்று நின்றவர் லெபனானின் சார்லஸ் மாலிக். பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் முகம்மது சஃபருல்லா கான் குர்ஆன் வசனத்தையே எடுத்துக்காட்டி இந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார். அவர் அகமதியா சமூகத்தவர்; தம்மை முஸ்லிம்களாகவே கருதும் ஒரு பிரிவு அது. 26 ஆண்டு கழித்து, 1974-இல், அதே பாகிஸ்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அகமதியர்கள் முஸ்லிம்களே இல்லை என்று அறிவித்தது. உலக மேடையில் தன் நாட்டுக்காக இந்த உரிமையை ஆதரித்தவரின் சமூகமே சொந்த நாட்டில் அதை இழந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே இது நடந்தது.

பிரகடனம் சட்டமாகாது. 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கைதான் சேர்ந்த நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. மனதுக்குள் நம்புவதை எந்த அரசும் தொட முடியாது, நெருக்கடி நிலையிலும் முடியாது. வெளியே கடைப்பிடிப்பதற்கு மட்டும் வரம்பு போடலாம். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறர் உரிமை என்று காரணங்களும் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் ‘தேசப் பாதுகாப்பு’ கிடையாது. மத வழக்குகளில் அரசுகள் முதலில் நீட்டுகிற காரணமே அதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கடவுள் இல்லை என்பவருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். கடவுளை நம்புவது, நம்பாதது, எந்த மதமும் வேண்டாம் என்பது எல்லாமே 18-ஆவது பிரிவுக்குள் வரும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் தெளிவாகவே எழுதிவைத்தது. நைஜீரியாவின் நாத்திகர் முபாரக் பாலா 2020 ஏப்ரலில் கைதானார். ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக 2022-இல் அவருக்கு 24 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் அது 5 ஆண்டாகக் குறைந்தது. 2025 ஜனவரியில் வெளியே வந்தார். ஒரு போதகருக்காகப் பேசுகிற தூதரகம் இவருக்காகவும் அதே குரலில் பேச வேண்டும்.

ஆனாலும் அது அவர்கள் உள்நாட்டு விவகாரம்தானே?

அந்த உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு அது. கொடுத்த வாக்கை நினைவூட்டுவது தலையீடு ஆகாது. அப்புறம், விளைவு எல்லைக்குள் அடங்கிக் கிடப்பதும் இல்லை. மியன்மாரில் 2017 ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கைக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். வங்கதேசத்திடம் போய் ‘அது மியன்மாரின் உள்நாட்டு விவகாரம்’ என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1774-இல் ஒட்டோமான் அரசோடு செய்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பேரரசில் வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கெல்லாம் தானே காவலன் என்று ரஷ்யா உரிமை கொண்டாடியது. அந்த உரிமைப் பேச்சு 1853-இல் கிரிமியப் போருக்கு ஒரு காரணமாக முற்றியது. காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் படை கிளம்பி வந்ததை மக்கள் மறக்கவில்லை. ஆகவே இன்று ஒரு அரசு மத சுதந்திரம் பேசும்போது அதன் நோக்கத்தைத் துருவிப் பார்ப்பது சரிதான். தன் மதத்தாருக்கு மட்டும் பேசுகிறதா, எல்லோருக்கும் பேசுகிறதா என்பதில் பெரும்பாலும் அது வெளிப்பட்டுவிடும்.

நடைமுறையில் ஒரு வெளியுறவுத் துறை என்னதான் செய்ய முடியும்?

தலைப்புச் செய்தியில் வருவது ஐ.நா. உரையும் தடை அறிவிப்பும். வேலையில் பெரும்பகுதி அதற்கு வெகு கீழே நடக்கிறது. தூதரகத்து இரண்டாம்நிலைச் செயலாளர் ஒருவர் காலையிலேயே நீதிமன்றத்துக்குப் போய் உட்காருவார். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பார். வழக்கு அன்றைக்குத் தள்ளிவைக்கப்படும். அடுத்த தேதிக்கு மறுபடி போவார். வெளிநாட்டார் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு இருக்கிறார் என்பது நீதிபதிக்கும் தெரியும், சிறை அதிகாரிக்கும் தெரியும். அதோடு வழக்கறிஞரைச் சந்திப்பது, குடும்பத்துக்குப் போன் செய்வது, கைதிக்கு மருந்து போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பது. அமைச்சர் வருகைக்குத் தயாராகும் குறிப்பில் வர்த்தகத்துக்கும் விமான சேவைக்கும் நடுவே அந்த ஒரு பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. என்னைக் கேட்டால், உரைகளைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

பெரிய கருவிகளும் உண்டு. ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மனித உரிமை மீளாய்வுக்கு வந்தாக வேண்டும். அப்போது எந்த நாடும் எழுந்து ‘இந்தச் சட்டத்தை நீக்குங்கள்’ என்று பரிந்துரைக்கலாம். 1986 முதல் மத சுதந்திரத்துக்கென்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். பாகிஸ்தான் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கிர் 2004 முதல் 2010 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை வேண்டுமென்றால் 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். நான் மேலே சொன்ன உடன்படிக்கையும் அதில் அடக்கம்.

சில சமயம் தேவைப்படுவது ஒரு விமானம் மட்டுமே. சூடானில் மரியம் இப்ராஹிம் என்ற பெண்ணுக்கு 2014 மே மாதம் மரண தண்டனை விதித்தார்கள். தந்தை முஸ்லிம் என்பதால் அவரும் முஸ்லிம், கிறிஸ்தவராக வாழ்வது மதத்தைத் துறந்த குற்றம் என்றது நீதிமன்றம். தாய் அவரைக் கிறிஸ்தவராகத்தான் வளர்த்திருந்தார். நிறைமாதக் கர்ப்பிணியான அவர் காலில் விலங்கோடு சிறையிலேயே பெண் குழந்தை பெற்றார். ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. மறுநாள் விமான நிலையத்தில் மறுபடி பிடித்தார்கள். பிறகு அமெரிக்கத் தூதரகத்தில் தங்கியிருந்தார். ஜூலை 24 அன்று இத்தாலி அரசின் விமானத்தில், இத்தாலியத் துணை அமைச்சர் கூடவே வர, ரோமில் போய் இறங்கினார். மதத்தைத் துறந்தால் மரணம் என்ற அந்தச் சட்டத்தை 2020 ஜூலையில் சூடான் நீக்கியது. வெளியழுத்தத்தால் மட்டும் அது நடக்கவில்லை. அதற்கு முன் சூடான் மக்களே தெருவில் இறங்கி ஆட்சியை மாற்றியிருந்தார்கள்.

ரகசியமாகப் பேசுவது நல்லதா, பகிரங்கமாகப் பேசுவதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. மாஸ்கோவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

1978 ஜூன் 27 அன்று, சைபீரியாவின் செர்னோகோர்ஸ்க் ஊரிலிருந்து ரயிலேறி வந்த இரண்டு பெந்தகொஸ்தே குடும்பத்தினர், சோவியத் காவலர்களைத் தாண்டி அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடினார்கள். ஏழு பேர் உள்ளே போய்விட்டார்கள். கூட வந்த ஒரு பையனைக் காவலர்கள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். பல வருடமாக நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டுக் கிடைக்காதவர்கள் அவர்கள். வெளியே போனால் கைது, உள்ளே இருக்க இடமில்லை. கடைசியில் தூதரகத்தின் அடித்தளத்தில் ஒரு சிறிய அறை கொடுத்தார்கள். அந்த அறையில் ஏழு பேரும் வருடக்கணக்கில் இருந்தார்கள்.

1981 கடைசியில் இருவர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அவர்களில் லிதியா வாஷ்சென்கோவின் உடல்நிலை மோசமாகி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதற்குள் உலகத்துப் பத்திரிகையெல்லாம் அவர்கள் கதையை எழுதிவிட்டது. ஆனால் கதவு திறந்தது வேறு விதமாக. 1983 பிப்ரவரியில் அதிபர் ரீகன் சோவியத் தூதர் டோப்ரினினை அழைத்துப் பேசினார். இவர்களை விட்டுவிடுங்கள், நான் வெற்றி முழக்கம் செய்ய மாட்டேன் என்பது அந்தப் பேச்சின் சாரம். சில மாதத்தில் குடும்பங்கள் நாட்டைவிட்டு வெளியேறின. ரீகனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இதை வைத்து ‘அமைதியாகப் பேசினால் போதும்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த ஏழு பேரையும் உலகம் அறிந்திருக்காவிட்டால் ரீகன் பேசுவதற்கு ஒரு விஷயமே இருந்திருக்காது. வெளியே எழுந்த குரல் அவர்களை மறக்கவிடவில்லை. உள்ளே நடந்த பேச்சு எதிராளி முகம் கெடாமல் இறங்கிவர வழி செய்தது. இரண்டும் தேவைப்பட்டன.

என் நிலைப்பாடு இது: குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் ‘இப்போது வேண்டாம்’ என்றால் சத்தம் போடக் கூடாது. ரகசியப் பேச்சுக்கு ஒரு கெடுவும் வேண்டும். கெடு இல்லாவிட்டால், அது எதுவும் செய்யாமல் இருப்பதற்கு மரியாதையான பெயராகிவிடும். பல அரசுகள் அந்தப் பெயருக்குப் பின்னால் பல வருடம் ஒளிந்திருக்கின்றன.

வெளியே சத்தம் கூடினால் கைதிக்கு ஆபத்து கூடாதா?

கூடலாம். பாகிஸ்தானில் ஆசியா பீபி 2009-இல் கைதாகி, 2010-இல் தெய்வ நிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்றார். அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர் 2011 ஜனவரியில் தன் சொந்தக் காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மாதம் கழித்து, அந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரிய அமைச்சர் ஷாபாஸ் பட்டியையும் கொன்றார்கள். 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுதலை செய்த பிறகும் அவரால் வெளியே நடமாட முடியவில்லை. 2019 மே மாதம்தான் கனடா போய்ச் சேர்ந்தார். வெளிநாட்டுப் பேச்சாளர் உரை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு விலை கொடுப்பவர் உள்ளூரில் இருக்கிறார். அறிக்கை எழுதுகிற ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

பொருளாதாரத் தடை, வர்த்தக நெருக்கடி எல்லாம் பலிக்குமா?

கேட்பது சின்னதாகவும் தெளிவாகவும் இருந்தால் சில சமயம் பலிக்கும். துருக்கியில் 2016-இல் கைதான அமெரிக்கப் போதகர் ஆண்ட்ரூ பிரன்சனுக்காக, அமெரிக்கா 2018 ஆகஸ்டில் துருக்கியின் இரண்டு அமைச்சர்கள்மீது தடை விதித்தது, எஃகு மீதான வரியையும் இரட்டிப்பாக்கியது. அக்டோபரில் அவர் விடுதலையானார். கேட்டது ஒரே ஒரு ஆள், அவரும் சொந்த நாட்டுக் குடிமகன். ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றச் சொல்வது இப்படி முடிகிற காரியமில்லை.

1974-இல் அமெரிக்கா கொண்டுவந்த ஜாக்சன்–வானிக் திருத்தம், குடிமக்கள் வெளியேறுவதைத் தடுக்கும் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்றது. வெளியேற விரும்பிய சோவியத் யூதர்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம். 1979-இல் 50,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். 1984-இல் அது ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. சட்டம் அதே சட்டம்தான். இரு நாட்டு உறவு கெட்டதும் கதவு சாத்தப்பட்டது. கோர்பச்சேவ் காலத்தில் உறவு சீரானதும் மறுபடி திறந்தது. தடை என்பது பேரத்தில் கையில் இருக்கும் ஒரு பொருள். பேரமே நடக்காதபோது அதற்குப் பெரிய வேலை இருப்பதில்லை.

மத சுதந்திரத்தைக் கடுமையாக மீறும் நாடுகளை அமெரிக்கா ‘குறிப்பான கவலைக்குரிய நாடு’ என்று பட்டியலிடுகிறது. 2004-இல் வியட்நாமை அதில் சேர்த்தது. அடுத்த வருடம் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2006-இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2022-இல் அதைவிட ஒரு படி கீழான சிறப்புக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தார்கள். முன்னேற்றம் வந்தது உண்மை. பட்டியலிலிருந்து எடுத்ததும் கவனம் தளர்ந்ததும் உண்மைதான்.

நட்பு நாடுகளை மட்டும் விட்டுவிடுகிறார்களே?

ஆமாம், விடுகிறார்கள். இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் அந்தக் ‘குறிப்பான கவலைக்குரிய நாடு’ பட்டியலில் சவூதி அரேபியா 2004 முதல் இருக்கிறது. 2006 முதல் அதன்மீது நடவடிக்கை வேண்டாம் என்று விலக்கும் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள். பேர் பட்டியலில், தண்டனை கிடையாது. உய்குர் முஸ்லிம்கள் விஷயத்தில் இன்னும் மோசம். சீனாவில் அவர்கள் வாழும் ஷின்ஜியாங்கில் நடப்பது மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை வெளியிட்டது. அதை விவாதிக்கலாமா என்று மட்டும்தான் மனித உரிமைப் பேரவையில் அக்டோபர் 6 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 19, ஒதுங்கியவை 11. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் பலவும் விவாதம் வேண்டாம் என்று கை தூக்கின. மேற்கத்திய நாடுகள் நண்பர்களிடம் மௌனம் சாதிப்பதும் இதுவும் ஒரே நோய்தான்.

ஒரு அரசு தன் மதத்தாரை மட்டும் காப்பாற்றினால் என்ன தவறு?

உதவி கிடைத்த மனிதருக்கு அது நல்லதே. அவரை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘எங்கள் ஆட்கள்’ என்று வெளிநாடு ஒன்று உரிமை கொண்டாடும் நொடியில், அந்தச் சிறுபான்மையினர் சொந்த ஊரில் அந்நியராகிவிடுகிறார்கள். ‘பார், இவர்கள் அவர்களுடைய ஆட்கள்’ என்று சொல்ல எதிரிக்கு வாய்ப்பாகிவிடும். இரானில் பஹாய் என்ற சிறுபான்மை மதத்தாரை ஒடுக்குபவர்கள் அவர்களை வெளிநாட்டு ஒற்றர்கள் என்றுதான் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். 1983 ஜூனில் ஷிராஸ் நகரில் பத்து பஹாய் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். நம்பிக்கையைக் கைவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருந்தார்கள். பஹாய்களுக்குத் தமக்கென்று ஒரு நாடு கிடையாது. தம் மதத்தாருக்கு மட்டும்தான் பேசுவோம் என்று எல்லா அரசுகளும் இருந்துவிட்டால், இவர்களுக்குப் பேச உலகத்தில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

ஜனநாயக நாடுகள் தங்கள் வீட்டைச் சரியாக வைத்திருக்கின்றனவா?

எப்போதும் இல்லை. கிரேக்கத்தில் மினோஸ் கொக்கினாகிஸ் என்ற யெகோவா சாட்சி, 1938 முதல் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசியதற்காக 60 தடவைக்கு மேல் கைதானார். 1986-இல் மனைவியோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்த பெண்ணோடு பேசினார். அந்தப் பெண்ணின் கணவர் ஆர்த்தடாக்ஸ் தேவாலயப் பாடகர். அவர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். அந்த வழக்குதான் ஸ்ட்ராஸ்பர்க் வரை போய், 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மத சுதந்திர மீறல் என்று தீர்ப்பளித்த முதல் வழக்கானது.

அயர்லாந்து 2009-இல் தெய்வ நிந்தனைக்கு அபராதம் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்ட வாசகத்தையே எடுத்து, உலகுக்கே இப்படி ஒரு விதி வேண்டும் என்று பாகிஸ்தான் ஐ.நா. குழு ஒன்றில் முன்வைத்தது. அயர்லாந்து மக்கள் 2018-இல் பொதுவாக்கெடுப்பில் அந்தக் குற்றத்தை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். வீட்டில் யாரும் சீண்டாமல் கிடக்கிற சட்டம்கூட வெளியே இன்னொருவருக்கு ஆயுதமாகும்.

தெய்வ நிந்தனைச் சட்டத்தை எதிர்த்தால் மதத்தை அவமதிக்க உரிமம் கொடுத்ததாகாதா?

ஆகாது. 1999 முதல் ஆண்டுதோறும் ‘மதங்களை அவதூறு செய்தல்’ என்ற பெயரில் ஐ.நா.வில் தீர்மானங்கள் வந்தன. மதத்துக்கே உரிமை உண்டு என்ற பாதையில் அவை போயின. 2011 மார்ச்சில் 16/18 என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி அந்தச் சண்டையை மாற்றியது. கருத்தைத் தண்டிப்பதை விட்டுவிட்டு, மனிதர்கள்மீது வன்முறை தூண்டப்படுவதைத் தடுப்பதில் கவனம் வைத்தது. பக்தர் ஒருவர் புண்படுவது எனக்கும் வருத்தம்தான். அதற்காக இன்னொருவரைத் தூக்கில் போடும் அதிகாரத்தை அரசிடம் கொடுக்க முடியாது.

தனித் தூதர், தனி அலுவலகம் அவசியமா?

இருந்தால் நல்லது. அமெரிக்கா 1998-இல் சட்டமே போட்டு இதற்கென்று ஒரு தூதரை அமர்த்தியது. அந்தச் சட்டப்படி வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் கிட்டத்தட்ட 200 நாடுகளைப் பற்றி அறிக்கை எழுதுகிறது. கனடா 2013-இல் தனி அலுவலகம் திறந்து 2016-இல் மூடியது. வேலை தனி அறைக்குள் ஒதுங்கிவிடாமல் எல்லாத் தூதரகத்துக்கும் போய்ச் சேர்ந்தால் சரி.

சின்ன நாடுகளால் என்ன முடியும்?

காம்பியா செய்ததைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஆற்றின் இரு கரையாக நீண்டு கிடக்கும் குட்டி நாடு. 2018 மே மாதம் டாக்காவில் இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் மாநாடு. வெளியுறவு அமைச்சரால் போக முடியாமல்போக, நீதித்துறை அமைச்சர் அபுபக்கர் தம்பாடுவை அனுப்பினார்கள். அவர் காக்ஸ் பஜாருக்குப் போய் அகதி முகாமில் ரோஹிங்கியாக்கள் சொன்னதைக் கேட்டார். ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளை நடத்திய தீர்ப்பாயத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர் அவர். தான் கேட்டுக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட குற்றம் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

2019 நவம்பரில் காம்பியா, இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் கீழ் மியன்மார் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இரண்டு நாட்டுக்கும் எல்லையும் கிடையாது, பகையும் கிடையாது. டிசம்பரில் ஆங் சான் சூச்சியே ஹேக் நகருக்கு வந்து மியன்மாருக்காக வாதாடினார். 2020 ஜனவரி 23 அன்று, ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்க வேண்டும், ஆதாரங்களை அழிக்கக் கூடாது என்று நீதிபதிகள் ஒருமனதாக உத்தரவிட்டார்கள். காம்பியாவுக்கு வழக்குப் போட உரிமையில்லை என்ற மியன்மாரின் வாதத்தை 2022 ஜூலையில் தள்ளினார்கள். முகாம்கள் இன்னும் இருக்கின்றன, யாரும் வீடு திரும்பிவிடவில்லை. ஆனாலும் அங்கே நடந்தது உலகின் உயர்ந்த நீதிமன்றப் பதிவில் ஏறியிருக்கிறது. அதை ஏற்றியது ஒரு வல்லரசு இல்லை.

சாதாரண ஆளாக நான் என்ன செய்யலாம்?

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது ‘மத சுதந்திரம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒரு பெயர், ஒரு சிறை, அடுத்த விசாரணைத் தேதி. நம் தூதரகத்திலிருந்து யாராவது அங்கே போவார்களா என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாக அது இருக்கட்டும். உங்கள் நம்பிக்கைக்கு வேறான ஒருவர் பெயராக இருந்தால் இன்னும் நல்லது.

கைதிக்கே கடிதம் எழுதலாம். ரஷ்யா 2017-இல் யெகோவா சாட்சிகளைத் தடை செய்த பிறகு பலர் சிறைக்குப் போனார்கள். அங்கே கடிதங்களைத் தணிக்கை அதிகாரி படித்துத்தான் உள்ளே அனுப்புவார், அதனால் ரஷ்ய மொழியில் இருந்தால்தான் போய்ச் சேரும். வழக்கைப் பற்றி எழுத வேண்டாம், அரசைத் திட்ட வேண்டாம். உங்கள் ஊர் மழை, வீட்டுப் பூனை, படித்த புத்தகம் என்று நாலு வரி போதும். முகவரியில் கைதியின் முழுப் பெயரையும் பிறந்த ஆண்டையும் தெளிவாக எழுதுங்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்த மாதம் இன்னொன்று போடுங்கள்.